மூன்றால் வகுபடும் மனிதர்

கோடைக் காலத்து மத்தியானத்தில், சாப்பாட்டை முடித்துக்கொண்டு பாயை விரித்ததும் நாம் முதலில் நாடுவது மின்சார விசிறியைத்தான். அது சுழலும் வரையில் அதைப்பற்றி நினைப்பவர் யாருமில்லை. என்றைக்காவது ஒருநாள் அது சுழலாமல் நின்ற இடத்திலேயே முனகத் தொடங்கினால்தான் வீடு அமளிப்படுகிறது. மின்சார வேலைக்காரர் வருகிறார். "கண்டென்ஸர் போய்விட்டது" என்கிறார். உள்ளேயிருந்த சிறு டப்பியை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்துப் பூட்டுகிறார். விசிறி பழையபடி சுழல்கிறது. அந்த டப்பிக்குப் பின்னால் ஒரு விசித்திர மனிதரின் கதை இருக்கிறது. அவர் பெயர் நிகோலா டெஸ்லா.

அவருடைய பழக்க வழக்கங்களைக் கேட்டால், நம் வீட்டுப் பாட்டிமார்களின் மடி ஆசாரமெல்லாம் மிகச் சாதாரணமாகத் தோன்றும். திரும்பத் திரும்பச் செய்யும் எந்தக் காரியமும் மூன்றால் வகுபடும் எண்ணிக்கையில் முடிய வேண்டும். தவறினால் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நடக்கும்போது காலடிகளை எண்ணுவார். ஸூப் கிண்ணத்தின் கொள்ளளவைக் கணக்கிடாமல் சாப்பிட்டால் அவருக்குச் சாப்பாடு ருசிக்காது. பெண்கள் காதில் தோடு அணிந்திருந்தால் அருவருப்பு. முத்து மாலையைக் கண்டாலோ உடம்பே பதறும். இவையெல்லாம் எதிரிகள் கட்டிவிட்ட கதைகளல்ல. 1919-ம் வருஷத்தில் வெளியான சுயசரிதையில் அவரே ஒளிவு மறைவின்றி எழுதியிருப்பவை.

'கிறுக்கர்' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் அதே சுயசரிதையில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. இன்று குரோஷியா தேசத்தைச் சேர்ந்த ஸ்மில்யான் கிராமத்தில், 1856-ம் வருஷம், ஒரு ஸெர்பியப் பாதிரியாரின் மகனாக அவர் பிறந்தார். குழந்தைப் பருவத்தில் யாராவது ஒரு பொருளின் பெயரைச் சொன்னால் போதும்; அந்தப் பொருள் கண்ணெதிரே வந்து நிற்கும். அது மெய்யா, தோற்றமா என்று குழந்தைக்குத் தெரியாது. அந்த வேதனையை அவர் மெல்ல மெல்லத் தம் வசப்படுத்திக்கொண்டார். பிற்காலத்தில் ஒரு யந்திரம் வேண்டுமென்றால், படம் வரையாமல், மாதிரி செய்யாமல், மனத்துக்குள்ளேயே அதைக் கட்டி, மனத்துக்குள்ளேயே ஓட்டி, குறைகளையும் அங்கேயே திருத்திவிடுவார்!

கிராஸ் நகரத்துப் பொறியியற் கல்லூரியில் படிக்கும்போது, ஆசிரியர் ஒருநாள் ஒரு டைனமோவை மோட்டாராக ஓட்டிக் காட்டினார். சுழலும் பாகத்துக்கு மின்சாரத்தைக் கொண்டு செல்லும் 'பிரஷ்'களில் தீப்பொறி பறந்தது. பிரஷ்களே இல்லாமல் மோட்டார் செய்யலாமே என்றார் மாணவர். அது நடக்கவே நடக்காத காரியமென்று ஆசிரியர் வகுப்பு முழுவதற்கும் விளக்கிச் சொன்னார். மாணவரின் மனம் அடங்கவில்லை. 1882-ல் புடாபெஸ்ட் நகரத்துப் பூங்காவில் ஒரு நண்பருடன் உலாவிக்கொண்டிருந்தபோது, கதே மகாகவியின் வரிகளைச் சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நின்றார். விடை கண்ணெதிரே தெரிந்தது! ஒரு குச்சியை எடுத்து மணலில் வரைந்து காட்டினார்.

அந்த விடை என்ன? திருவிழாவின்போது கோயில் வாசலில் வரிசை விளக்குகள் கட்டுகிறார்கள் அல்லவா? ஒரு விளக்குக்கூட இடம் விட்டு நகர்வதில்லை. ஆனால் ஒன்றன்பின் ஒன்றாய் எரிந்து அணைவதால் ஒளி ஓடுவதுபோல் தெரிகிறது. அதுபோலவே, ஒன்றுக்கொன்று சற்று முன்பின்னாக ஏறி இறங்கும் இரண்டு மாற்று மின்னோட்டங்களைச் சுற்றிலுமுள்ள கம்பிச் சுருள்களில் செலுத்தினால், காந்த சக்தி வட்டமாக ஓடும். நடுவிலுள்ள உருளையையும் தன்னோடு இழுத்துச் சுழற்றும். உருளையைக் கம்பியோ பிரஷ்ஷோ தொட வேண்டியதில்லை. நம் வீட்டுக்கு வருவது ஒரே மின்னோட்டம். இரண்டாவதை முன்பின்னாக்கிக் கொடுப்பதுதான் கண்டென்ஸரின் வேலை. இத்தாலியில் பெராரிஸ் என்ற பேராசிரியரும் தனியாக இதே உண்மையைக் கண்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

டெஸ்லா 1884-ல் அமெரிக்கா சென்று எடிஸன் கம்பெனியில் சேர்ந்தார், சீக்கிரத்திலேயே விலகினார். பிறகு கூலிக்குப் பள்ளம் தோண்டிப் பிழைத்த காலமும் உண்டு. 1888-ல் வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனி அவருடைய மோட்டாருக்கான உரிமையைப் பெற்ற பின் காலம் மாறியது. மாற்று மின்சாரத்தின் அழுத்தத்தை உயர்த்தித் தூரதேசத்துக்கு அனுப்புவது எளிது. அழுத்தம் பத்து மடங்கானால், வழியில் உஷ்ணமாக வீணாவது நூற்றில் ஒரு பங்காகிவிடும். அதைக்கொண்டு ஓடத்தக்க நல்ல மோட்டார் இல்லாததே அதுவரை பெருங்குறை. 1893-ல் சிகாகோ உலகக் கண்காட்சி மாற்று மின்சாரத்தால் ஒளிர்ந்தது. 1896-ல் நயாகரா நீர்வீழ்ச்சியின் மின்சாரம் சுமார் 26 மைல் தாண்டி பபலோ நகரத்தை அடைந்தது.

அந்தச் சிகாகோ கண்காட்சியை ஒட்டிக் கூடிய சர்வமத மகாசபையில்தான் ஸ்வாமி விவேகானந்தரின் குரல் உலகுக்குக் கேட்டது. 1896-ம் வருஷம் நியூயார்க்கில் இருவரும் சந்தித்தார்கள். வேதாந்தம் சொல்லும் பிராணன், ஆகாசம் ஆகியவற்றைக் கேட்டு டெஸ்லா மிகவும் மகிழ்ந்ததாகவும், சக்தியும் ஜடப்பொருளும் ஒரே மூலத்தில் அடங்குவதைக் கணிதத்தால் நிரூபிக்க முடியுமென்று அவர் கருதுவதாகவும், பிப்ரவரி 13-ல் எழுதிய கடிதத்தில் ஸ்வாமிஜி குறிப்பிட்டிருக்கிறார். இதைக்கொண்டு, டெஸ்லாவின் யந்திரங்களெல்லாம் நம் வேதத்திலிருந்து பிறந்தவை என்று பெருமை பேசுவோர் உண்டு. அது தகாது, மோட்டார் பல வருஷங்களுக்கு முன்பே பிறந்துவிட்டது. நிரூபணம் கிடைத்தால் வேதாந்தத்துக்கு உறுதியான அடிப்படை ஏற்படும் என்றுதான் ஸ்வாமிஜி எழுதினார். 'கிடைத்தால்' என்பதைக் கவனிக்க வேண்டும். நிரூபணம் டெஸ்லாவிடமிருந்து வரவேயில்லை. 1905-ல் ஐன்ஸ்டீன் காட்டிய வழியையோ டெஸ்லா கடைசி வரையில் ஏற்கவில்லை.

இங்கேதான் அவருடைய சோகம் இருக்கிறது. மனத்தில் கண்டது மெய்யாகாமல் போகாது என்ற நம்பிக்கை அவருக்கு ஒருமுறை பலித்தது. ஆகவே எப்போதும் பலிக்குமென்று எண்ணினார். கம்பியே இல்லாமல் உலகம் முழுவதற்கும் மின்சாரம் அனுப்ப வேண்டுமென்ற கனவோடு, மார்கன் என்ற கோடீசுவரரிடம் ஒன்றரை லக்ஷம் டாலர் பெற்று, 1901-ல் நியூயார்க்குக்கு அருகில் ஒரு பெரிய கோபுரம் எழுப்பத் தொடங்கினார். பணம் தீர்ந்தது, மார்கன் மேற்கொண்டு தர மறுத்தார். 1917-ல் கோபுரம் இடித்துத் தள்ளப்பட்டது. முன்னால் தடுத்த ஆசிரியர் தவறினார். பின்னால் தயங்கியவர்கள் தவறவில்லை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் டெஸ்லாவின் மனக்கண்ணுக்குத் தெரியவில்லை.

கடைசி வருஷங்களில் அவருக்குத் துணை நியூயார்க் நகரத்துப் புறாக்கள்தான். அடிபட்ட புறாக்களை ஹோட்டல் அறைக்கே எடுத்துவந்து சிகிச்சை செய்வார். பாக்கி ஏறிய ஹோட்டல்களை விட்டு ஒவ்வொன்றாக இடம் பெயர்ந்தவருக்கு, 1934 முதல் வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனி மாதம் 125 டாலரும் அறை வாடகையும் கொடுத்தது. 1943 ஜனவரி 7-ந் தேதி, 86-வது வயதில், தனியாக உயிர் நீத்தார். அறையின் எண் 3327. அதுவும் மூன்றால் வகுபடும்!

1960-ல் காந்தப் புலத்தின் அளவைக்கு அவர் பெயரை வைத்தார்கள். பெரிய ஆஸ்பத்திரிகளில் எம்.ஆர்.ஐ. யந்திரத்தைக் குறித்து '1.5 டெஸ்லா' என்று சொல்வதை நேயர்கள் கேட்டிருக்கலாம்.

நம் வீட்டிலும் படிகளை எண்ணிக்கொண்டு ஏறும் பிள்ளையோ, தனக்குள் பேசிக்கொள்ளும் பெண்ணோ இருக்கலாம். அவர்களெல்லோரும் டெஸ்லா ஆகிவிடப் போவதில்லை. ஆனால் 'கிறுக்கு' என்று அதட்டி உட்கார வைப்பதற்கு முன்னால், "என்ன பார்க்கிறாய்? எனக்கும் வரைந்து காட்டு" என்று ஒருமுறை கேட்டுப் பார்ப்போம். புடாபெஸ்ட் பூங்காவில் பக்கத்தில் நின்ற அந்த நண்பர், மணலில் வரைந்ததைப் பொறுமையாகக் குனிந்து பார்த்தாரே, அந்தப் புண்ணியமும் நம் விசிறிக் காற்றில் கொஞ்சம் கலந்திருக்கத்தான் செய்கிறது.