யாருக்கு மலிவு?

சென்னையில் ஒரு வீட்டுக்குச் சொல்லும் விலையையும் நம் செங்கல்பட்டுப் பக்கம் சொல்லும் விலையையும் சதுர அடிக் கணக்கில் அருகருகே வைத்து, "பார்த்தீர்களா மலிவை!" என்று காட்டுவது மனை விளம்பரங்களில் வழக்கமாகிவிட்டது. இந்த ஒப்பீடே பொருந்தாதது என்பது என் கருத்து.

முதலாவதாக, இரண்டும் ஒரே சரக்கல்ல. மயிலாப்பூரில் அடுக்குமாடி வீடு வாங்குகிறவருக்கு நிலத்தில் கிடைப்பது பிரிக்கப்படாத பங்கு மட்டுமே. கூடுவாஞ்சேரியில் ஒரு கிரவுண்டு வாங்கினால் 2400 சதுர அடி மண்ணும் சொந்தம். ஆனால் குடிநீரும் சாக்கடையும் பல இடங்களில் அவரவர் பாடு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர் பட்ட துன்பத்தை எந்த விலைப்பட்டியல் சொல்லிற்று?

அடுத்தது பயணம். செங்கல்பட்டிலிருந்து சென்னைக் கடற்கரை நிலையம் 60 கிலோமீட்டர். மின்சார ரயிலில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். போக வர நான்கு. ஆண்டுக்கு 300 வேலை நாள் என்று கொண்டால் 1200 மணி நேரம், அதாவது முழுதாக 50 நாட்கள், ரயிலிலேயே கழிகின்றன. (உட்கார இடம் கிடைத்ததாகவே வைத்துக்கொள்வோம்.) எந்தத் தரகர் இதை விலையோடு சேர்த்துச் சொல்கிறார்?

இவையெல்லாம் வாங்க வருவோரின் கவலை. நம் கவலை வேறு. மலிவு என்கிறார்களே, யாருக்கு மலிவு? சென்னைச் சம்பளக்காரருக்கு! சிங்கப்பெருமாள் கோயிலில் மளிகைக் கடை வைத்திருப்பவரும் மறைமலை நகரில் ஒப்பந்தத் தொழிலாளியாக உழைப்பவரும் உள்ளூர் வருமானத்தில் வாழ்கிறார்கள். விலையோ அண்ணா சாலையிலிருந்து அளக்கப்படுகிறது. தந்தை காணிக் கணக்கில் உழுத நிலம், ஏக்கர் விலைக்குக் கைமாறி, சதுர அடி விலைக்கு விற்கப்படும்போது, மகனுக்கு அதே ஊரில் வாடகை வீடுதான் மிச்சம். 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறக்கப்பட்டது. மக்கள் வரிப்பணத்தில் வந்த வசதி அது. அதன் பெயரைச் சொல்லி விலையை ஏற்றுகிறவர்களோ மனை வணிகர்கள்.

பெரிய மனைப்பிரிவுகளில் நலிந்த பிரிவினருக்கென 10 விழுக்காடு ஒதுக்க வேண்டும் என்று விதி உண்டு. அந்த மனைகளையேனும் அந்தந்த வட்டத்தில் குடியிருந்து உழைப்போருக்கு முதலில் கொடுக்க வேண்டும். விலையையும் உள்ளூர்க் கூலியைப் பார்த்து அரசே நிர்ணயிக்க வேண்டும். வீட்டுவசதி வாரியம் வருமானப் பிரிவு பார்த்து வீடு ஒதுக்குவது நமக்குப் புதிதல்லவே!