பின்னர் மாற்ற இயலாதவற்றுக்கே முதலிடம்

கல்லூரிச் சேர்க்கைக் காலம் நெருங்கும்போது பல வீடுகளில் மடிக்கணினிக் கணக்கும் தொடங்கிவிடுகிறது. ஒதுக்கிய தொகை 45,000 ரூபாய் என்று கொள்வோம். ஒரே விலையில் இரண்டு கணினிகள் கிடைக்கின்றன. ஒன்றில் புதிய செயலியும் 1 டிபி சேமிப்பகமும் உள்ளன. ரேம் 8 ஜிபி மட்டுமே. மற்றொன்றின் செயலி ஒரு தலைமுறை பழையது, சேமிப்பகம் 512 ஜிபி. ஆனால் ரேம் 16 ஜிபி. 1 டிபி என்னும் எண் கண்ணைக் கவரும். எனினும் நாம் பரிந்துரைப்பது இரண்டாவதையே.

சேமிப்பகம் போதாமற்போனால் வெளியே இணைக்கும் வன்தட்டு ஒன்றைப் பின்னொரு நாள் வாங்கிக்கொள்ளலாம். ரேம் அப்படியன்று. மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் அது தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டு வருகிறது; வாங்கிய அன்று இருந்த அளவே கடைசிவரை. விண்டோஸ் 11க்குக் குறைந்தபட்சத் தேவை 4 ஜிபி என்கிறது மைக்ரோசாஃப்ட். அது கணினி இயங்குவதற்கான அளவேயன்றி, காணொளி வகுப்பையும் உலாவியில் பத்துப் பக்கங்களையும் ஒருங்கே திறந்துவைக்கும் மாணவருக்கான அளவன்று. நான்காண்டுப் படிப்புக்கு 8 ஜிபி நெருக்கடியே. கூடுதல் ரேம் செருகக் காலியிடம் உள்ள கணினியாயின் நம் தீர்ப்பு மாறும். அதை விற்பனையாளரிடம் முன்னரே கேட்டறிக.

செயலியின் பெயரிலும் ஒரு மயக்கம் உண்டு. இன்டெலின் 10ஆம் தலைமுறை ஐ5-1035ஜி1 நான்கு கோர்கள் கொண்டது. 12ஆம் தலைமுறை ஐ3-1215யு ஆறு கோர்கள் கொண்டது. ‘ஐ3தானே’ என்று ஒதுக்குவோர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். பழுதுபார்த்து மறுவிற்பனைக்கு வரும் கணினிகளில் கவனம் இன்னும் தேவை. விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. இன்டெலின் 6ஆம் தலைமுறைச் செயலிகளோ விண்டோஸ் 11க்குரிய பட்டியலில் இல்லை. மலிவு என்று அவற்றை வாங்குவது வீண்.

திரையும் விசைப்பலகையும் மாற்றுதற்கு அரியவை. அவற்றை எண்களைக் கொண்டன்றி, கடையில் கண்டும் தொட்டும் தேர்க.

‘இன்னும் சிறிது சேர்த்தால் மேலானது கிடைக்கும், அதுவும் வட்டியில்லாத் தவணையில்’ என்ற அழைப்பே வரவுசெலவைக் குலைப்பது. வங்கி இதழொன்று இதை எழுதுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயினும் பூஜ்ய விழுக்காட்டு வட்டி என்ற ஒன்றே இல்லை என்பதை ரிசர்வ் வங்கி 2013ஆம் ஆண்டிலேயே வங்கிகளுக்குத் தெளிவுபடுத்தியது. கடன் அட்டைத் தவணையில் வட்டி உண்டு. அதற்கு ஈடான தொகையை விற்பனையாளர் விலையில் தள்ளுபடி செய்கிறார், அவ்வளவே. 45,000 ரூபாயை மாதம் 5,000 வீதம் ஒன்பது தவணைகளில், 15 விழுக்காட்டு வட்டியில் செலுத்தினால் உள்ளடங்கிய வட்டி ஏறத்தாழ 2,690 ரூபாய். அவ்வட்டியின்மீது 18 விழுக்காடு ஜிஎஸ்டி, அதாவது சுமார் 480 ரூபாய், வாடிக்கையாளருடையது. செயலாக்கக் கட்டணம் இருப்பின் அது வேறு. முழுத்தொகையையும் உடனே செலுத்தினால் அத்தள்ளுபடி கிடைக்குமா என்று கேட்பதில் தயக்கம் வேண்டா.

படிப்புக்குக் கணினி இன்றியமையாததாயின், இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் அதன் நியாயமான விலையையும் சேர்த்துக்கொள்ள இடமுண்டு. கல்விக் கடனுக்கு விண்ணப்பிக்கும்போதே இதனைக் கிளையில் கேட்டு, விலைப்புள்ளியையும் உடன் இணைத்துவிடலாம்.