பனித்தளத்தில் ஒரு ஸ்டெல்லா



பனிக்கட்டியைக் குளிர்பானக் கடையில் மட்டுமே கண்டு பழகிய நமக்கு, அதன்மேல் நடனமாடுவதே ஒரு விளையாட்டு என்பது விந்தையாகத் தோன்றலாம். ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் அகலமே உள்ள எஃகுத் தகடு பொருத்திய காலணியுடன் உறைந்த தளத்தில் இசைக்கேற்ப ஆட வேண்டும். விரையும்போதே மேலெழும்பி, ஒரு விநாடிக்குள் அந்தரத்தில் மும்முறை சுழன்று, ஒற்றைக் காலில் இறங்க வேண்டும். ஃபிகர் ஸ்கேட்டிங் என்னும் இக்கலையில் தம் காலத்தின் தலைசிறந்தவர்களுள் ஒருவராய் விளங்கியவர் தென்கொரியாவின் கிம் யூனா.

1990ஆம் ஆண்டு பூச்சோன் நகரில் பிறந்த அவர், ஐந்து வயதில் பனித்தளத்தில் கால் வைத்தார். அந்நாளில் அந்நாட்டில் இவ்விளையாட்டிற்கென வசதிகள் மிகக் குறைவு. பொதுமக்கள் வந்துபோகும் தளங்களில், அவர்கள் கலைந்து சென்ற பின்னர் இரவு வேளைகளில் பயில வேண்டியிருந்தது. அருகிருந்து காத்தவர் தாயார். காலுக்குப் பொருந்தாத காலணியும், பின்னாளில் இடுப்பிலும் முதுகிலும் வந்த வலியும், விட்டுவிடலாமா என்னும் எண்ணத்தைக்கூட ஒரு கட்டத்தில் உண்டாக்கின. எனினும் 2006இல் இளையோர் உலகப் பட்டம் அவருடையதாயிற்று. அதன்பின் கனடாவின் டொராண்டோ நகரில் பிரையன் ஓர்சர் என்னும் பயிற்சியாளரிடம் சேர்ந்தார்.

வலியின் வழியாகவே அவருக்கு விசுவாசமும் வந்தது. அவருக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர் பக்தியுள்ள கத்தோலிக்கர். அவர் மூலம் திருச்சபையை அறிந்த மகளும் தாயும் 2008இல் ஒன்றாகவே ஞானஸ்நானம் பெற்றனர். யூனா ஏற்ற பெயர் ஸ்டெல்லா; விண்மீன் என்பது அதன் பொருள். அதுமுதல், ஆடுமுன் சிலுவை அடையாளம் வரைந்துகொள்ளும் அவரையும், அவர் விரலிலிருந்த ஜெபமாலை மோதிரத்தையும் உலகம் கண்டது.

2009இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் 207.71 புள்ளிகளுடன் உலகப் பட்டம் வென்றார். புதிய மதிப்பீட்டு முறையில் 200ஐக் கடந்த முதல் பெண்மணி அவரே. 2010 பிப்ரவரியில் வான்கூவர் ஒலிம்பிக் போட்டியில் 228.56 புள்ளிகள் பெற்றுத் தங்கம் வென்றார். இரண்டாம் இடம் பெற்ற ஜப்பானின் மாவோ அசாதாவைவிட 23 புள்ளிகள் மிகுதி!

இங்கே சற்று நிற்போம். ஞானஸ்நானம் பெற்றார், ஆகவே தங்கம் கிடைத்தது என்று கூறுவோர் நம்மிடையே உண்டு. தேர்வு நெருங்கினால் மட்டும் பிள்ளைகளைக் கெபிக்கு அனுப்பும் வீடுகளில் இப்பேச்சு எளிதில் எடுபடும். நமக்கு அது உடன்பாடன்று. அதே வான்கூவரில் வெண்கலம் பெற்ற கனடாவின் ஜோவனி ரோஷெட்டை எண்ணிப் பாருங்கள். மகளின் ஆட்டத்தைக் காண வந்த தாயார், போட்டி தொடங்க இரண்டே நாள் இருக்கையில் மாரடைப்பால் காலமானார். அம்மகள் கண்ணீரோடு தளத்தில் இறங்கி ஆடினார். அந்த வெண்கலத்தை எந்தக் கணக்கில் எழுதுவது?

யூனாவின் கதையும் தங்கத்தோடு முடியவில்லை. 2010, 2011 உலகப் போட்டிகளில் வெள்ளிதான். 2011ஆம் ஆண்டுப் போட்டி டோக்கியோவில் நடக்கவேண்டியது. நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் ஜப்பானைச் சூறையாடியதால் மாஸ்கோவிற்கு மாற்றப்பட்டது. அங்குப் பெற்ற பரிசுத்தொகையை ஜப்பானியக் குழந்தைகளுக்கென யுனிசெஃப் வழியாக அவர் அளித்துவிட்டார். கொரியாவிற்கும் ஜப்பானுக்கும் இடையிலுள்ள பழைய காயங்களையும், விளையாட்டரங்கில் இருந்த கடும் போட்டியையும் அறிந்தவர்களுக்கே அச்செயலின் எடை விளங்கும்.

2013இல் மீண்டும் உலகப் பட்டம். 2014இல் ரஷ்யாவின் சோச்சியில் கடைசி ஒலிம்பிக். முதற்சுற்றில் அவரே முன்னணியில் நின்றார். இறுதிச் சுற்றில் எல்லாருக்கும் பின்னர் ஆடினார், பிழையின்றி ஆடினார். ஆயினும் 224.59 புள்ளிகளுடன் ரஷ்யாவின் அதெலினா சோத்னிகோவாவுக்கே தங்கம், யூனாவிற்கு 219.11. ரஷ்யப் பெண்ணின் ஆட்டத்தில் மும்முறைச் சுழற்சித் தாவல்கள் 7, இவருடையதில் 6 என்று சிலர் காரணம் கூறினர். நடுவர்கள் ஒருதலைப்பட்சமானவர்கள் என்று கொரிய மக்கள் கொதித்தனர். அந்நாட்டுச் சங்கம் கொடுத்த முறையீடும் தள்ளுபடியாயிற்று. நடுவர் தீர்ப்பில் நமக்கும் ஐயம் உண்டு. ஆனால் யூனா அத்தீர்ப்பை எதிர்த்து வாதாடவில்லை. தம்மால் இயன்றதைச் செய்துவிட்ட நிறைவோடு போட்டிகளிலிருந்து விடைபெற்றார். வயது 23.

நான்காண்டுகளுக்குப் பின், 2018இல், ஒலிம்பிக் அவர் நாட்டிற்கே வந்தது. பியோங்சாங் அரங்கின் உச்சியில் அமைத்த சிறு பனித்தளத்தில் வெண்ணிற உடையில் தோன்றிச் சில கணங்கள் சறுக்கி ஆடி, ஒலிம்பிக் சுடரை ஏற்றியவர் ஸ்டெல்லாதான்.