மாத்திரை என்றால் அளவு



குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு மாத்திரை என்று பள்ளியில் இலக்கணம் பயின்றது உங்களுக்கு நினைவிருக்கும். மாத்திரை என்னும் சொல்லுக்கே அளவு என்பதுதான் பொருள். அப்பெயரைத் தாங்கிய மருந்தை நாம் அளவறியாது உண்பது விந்தையன்றோ?

எனக்குத் தெரிந்த இல்லமொன்றில் மூதாட்டியார் ஒருவர் இரவில் தடுமாறி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். காரணத்தை விசாரித்தபோது உண்மை விளங்கிற்று. ஓயாத தும்மலுக்கென மகன் வாங்கி வந்த செட்டிரிசின் மாத்திரையைக் காலையில் உண்டார். குணம் தெரியவில்லை என்று நண்பகலில் இன்னொன்று உண்டார். இரவில் மருமகள் அன்போடு ஒரு சளி மாத்திரை கொடுத்தார். அதிலும் குளோர்பெனிரமின் என்னும் ஒவ்வாமை மருந்து கலந்திருந்ததை எவரும் அறியவில்லை. மூன்றும் சேர்ந்து அவரை மயக்கத்தில் ஆழ்த்திவிட்டன. அங்கே அன்புக்குக் குறைவில்லை, அளவுதான் தவறிற்று.

செட்டிரிசின், பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டோர்க்கு நாளொன்றுக்கு 10 மில்லிகிராம் போதுமானது. அது ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் வேலை செய்யத் தொடங்கி, ஒரு நாள் அளவும் நிற்கும். ஆகவே தும்மலுக்கு ஒன்றாக உண்ணாமல், நாளுக்கு ஒன்றாக உண்ண வேண்டும். இம்மருந்து பெரும்பாலும் சிறுநீரகத்தின் வழியே வெளியேறுவது. சிறுநீரகம் தளர்ந்தோர்க்குப் பாதி அளவே போதுமானதாகலாம். அதனை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

லீவோசெட்டிரிசின் என்னும் மாத்திரையில் 5 மில்லிகிராம் என்றிருக்கும். பாதிதானே என்றெண்ணி இரண்டை விழுங்குவோர் உளர். அந்த ஐந்தே மற்றதன் பத்துக்கு நிகர் என்பதை மறவாதீர்கள்.

குழந்தைகட்குரிய அளவு வயதையும் எடையையும் பொறுத்தது. பெரியவர் மாத்திரையைக் கண்மதிப்பில் உடைத்துக் கொடுக்கலாகாது. சமையலறைக் கரண்டிகள் ஒன்றுபோல் இரா. ஆதலின் பாட்டிலோடு வரும் அளவுமூடியையே கையாளுங்கள். குளோர்பெனிரமினும் பினைல்எப்ரினும் கலந்த சளி மருந்தை நான்கு வயதுக்குட்பட்டோர்க்குத் தரலாகாதென நம் நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023 டிசம்பரில் அறிவுறுத்தியதையும் தாய்மார் மனத்திற் கொள்க.

மாத்திரை உறையின் பெரிய எழுத்துப் பெயரோடு நின்றுவிடாமல், கீழே சிற்றெழுத்தில் உள்ள மருந்தின் பெயரையும் படியுங்கள். ஒரே வகை மருந்து இரு பெயர்களில் வீட்டுக்குள் நுழைவது அவ்வழியேதான். இம்மருந்துகளை உண்டபின் உறக்கம் வருமாயின் வண்டி ஓட்டாதீர்கள். மதுவோடு ஒருபோதும் சேர்க்காதீர்கள். உதடும் நாவும் வீங்கி மூச்சுத் திணறினாலோ, மாத்திரையை நம்பிக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு விரையுங்கள்.

ஒரு மாத்திரை மிகின் செய்யுளின் ஓசை கெடும். மருந்தில் மிகினோ உடல் கெடும். அளவறிந்து உண்போமாக.