முதலில் நிற்கட்டும், பிறகு ஓடட்டும்

பழைய மொறிஸ் மைனர் ஒன்றை வாங்கிப் புதுப்பித்திருப்பதாகவும் வந்து பார்க்கவேண்டும் என்றும் நண்பர் ஒருவரின் மகன் அழைத்தான். போனேன். பொனற்றைத் திறந்து காட்டினான். உள்ளே பழைய எஞ்சின் இல்லை. அதைப்போல ஏறத்தாழ இரு மடங்கு வலுவுள்ள ஜப்பானிய எஞ்சின் உட்கார்ந்திருந்தது. அகலமான சில்லுகள், தடித்த சைலன்சர், பந்தயக் காருக்குரிய ஆசனம் எல்லாம் இருந்தன.

"றோட்டிலையும் ஓடலாம், கட்டுக்குருந்தையில றேஸும் ஓடலாம் மாமா" என்றான்.

"பிறேக் என்ன மாதிரி?"

"அது பழசுதான். ஆனா நல்லாப் பிடிக்குது."

இந்தக் கட்டுரை அந்தப் பதிலைப் பற்றியது.

பழைய காரில் எவரும் கைவைக்கக் கூடாது, தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே அதைப் போற்றிப் பாதுகாக்க வேண்டும் என்று வாதிடும் கூட்டத்தைச் சேர்ந்தவன் அல்லன் நான். 1990களில் பொருளாதாரத் தடையின்கீழ் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தவர்களுக்கு அந்த வாதம் சிரிப்பையே தரும். பெற்றோல் இல்லாத ஊரில் ஒஸ்ரினையும் மொறிஸையும் மண்ணெண்ணெயில் ஓட்டிக் காட்டினார்கள் நம் மெக்கானிக்குகள். சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிய அந்தக் கைகளுக்கு நான் என்றும் தலைவணங்குவேன். ஆனால் ஒரு வேறுபாட்டை மறந்துவிடக் கூடாது. அவர்கள் கூட்டியது வேகத்தை அன்று; வண்டியின் ஆயுளை. இன்றைய இளைஞர்கள் கூட்டுவது வேகத்தை மட்டும்.

மொறிஸ் மைனரை அலெக் இசிகோனிஸ் வடிவமைத்தார். 1948இல் அது வெளிவந்தபோது எஞ்சின் 918 சி.சி. மட்டுமே. 1962இல் வந்த 1098 சி.சி. எஞ்சினின் வலுக்கூட 48 குதிரைவலுதான். ஆனால் அதன் ஸ்டியரிங்கும் வளைவுகளில் அது நடந்துகொள்ளும் முறையும் அந்தச் சிறிய எஞ்சினுக்குத் தேவையானதைவிட மேலானவை. இது இன்னும் வேகமாக ஓடக்கூடிய கார் என்ற ஆசை ஓட்டுபவருக்குப் பிறப்பது அதனால்தான். ஆசையில் தவறில்லை. ஆனால் அதன் நான்கு சில்லுகளிலும் இருப்பவை டிறம் பிறேக்குகள். நான்குக்கும் சேர்த்து ஒரே மாஸ்டர் சிலிண்டர், ஒரே எண்ணெய்ச் சுற்று. எங்காவது ஒரு குழாய் வெடித்தால் நான்கு சில்லுகளிலும் பிறேக் போய்விடும்.

கணக்கு எளிது. மணிக்கு 60 கிலோமீற்றரில் ஓடும் கார் 120இல் ஓடினால் அதன் இயக்க ஆற்றல் இரண்டு மடங்கு அன்று, நான்கு மடங்கு. நிறுத்தும்போது அந்த ஆற்றல் முழுவதும் வெப்பமாகப் பிறேக்கில் இறங்குகிறது. சூடேறிய டிறம் விரிந்து லைனரிலிருந்து விலகுகிறது; மிதி ஆழமாக இறங்குகிறது. பிறேக் எண்ணெயோ காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. டொட் 4 வகை எண்ணெய் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 பாகை வரை கொதிக்காது. ஈரம் சேர்ந்தபின் அந்த எல்லை 155 பாகை வரை இறங்கலாம். கொதித்துவிட்டால் குழாய்க்குள் ஆவி. ஆவியை மிதித்தால் அது அமுங்கும், கார் நிற்காது.

இதை நான் ஏட்டில் மட்டும் படிக்கவில்லை. இரண்டு மாதம் கழித்து அதே காரில், அதே பையனுக்குப் பக்கத்தில், நுவரெலியாவிலிருந்து றம்பொடையை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தேன். மேல் கியரிலேயே விட்டு வளைவுக்கு வளைவு பிறேக்கை மிதித்து வந்தான். பாதி வழியில் கருகிய வாடை. அடுத்த வளைவில் மிதி தரையைத் தொட்டது. கியரைக் குறைத்து, கைப்பிறேக்கை இழுத்து, தேயிலைத் தோட்டத்து மண்மேட்டில் உரசி நிறுத்தினான். மறுபக்கம் பள்ளம். இருவரும் சில நிமிடங்கள் பேசவில்லை. எஞ்சினை மாற்றிக் கொடுத்த கராஜில் பிறேக்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டார்களா என்று பின்னர் விசாரித்தேன். கேட்கவில்லை. சைலன்சரின் சத்தம் போதுமா என்று மட்டும் கேட்டார்களாம்.

வேலையின் வரிசை தலைகீழாக இருக்கிறது என்பதே என் குற்றச்சாட்டு. முதலில் அடித்தளத் துருவைச் சுரண்டிப் பாருங்கள். பிறகு ரயர்: பக்கவாட்டில் பொறித்திருக்கும் நான்கு இலக்கங்கள் அது செய்யப்பட்ட வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். அடுத்து முன்சில்லுகளுக்கு டிஸ்க் பிறேக், இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டர், புதிய குழாய்கள், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதிய எண்ணெய். பின்னர் ஷொக் அப்சோர்பர்கள். பின்னர் உறுதியான தகட்டில் பூட்டிய ஆசனப்பட்டிகள். இவையெல்லாம் முடிந்த பிறகு எஞ்சினைப் பற்றிப் பேசலாம்.

வீதிக்கும் பந்தயத் திடலுக்கும் ஒரே கார் என்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. பந்தயத்துக்கான பிறேக் லைனர் பல வேளைகளில் சூடேறினால்தான் நன்றாகப் பிடிக்கும்; பாடசாலை வாசலில் திடீரென மிதிக்கும்போது அது குளிர்ந்திருக்கும். கடினமான ஸ்பிரிங், குண்டும் குழியுமான வீதியில் ரயரைத் தரையிலிருந்து துள்ள வைக்கும். தலைக்கவசம் அணிந்தவரைக் காக்கும் இரும்புக் கூண்டு, அது இல்லாதவரின் மண்டையை உடைக்கும். இரண்டுக்கும் பொருந்த வேண்டுமானால் இரண்டிலும் சிறிது விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். அந்த அடக்கம் எத்தனை பேருக்கு உண்டு?

அரசைப் பற்றியும் சொல்லவேண்டும். ஆண்டுதோறும் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கப் புகைச் சான்றிதழ் கேட்கிறார்கள். தனியார் காரின் பிறேக்கைப் பற்றி அங்கே எவரும் கேட்பதில்லை. சைலன்சர் சத்தம் பொலிசாரின் காதில் விழுகிறது. கசியும் சிலிண்டர் விழுவதில்லை. பிரித்தானியாவிலுள்ள அன்பர்கள் இதைப் படித்து மகிழ வேண்டாம். அங்கும் 2018 மே மாதம் முதல், பெரிய மாற்றங்கள் செய்யப்படாத நாற்பது வயதைக் கடந்த கார்களுக்கு ஆண்டுச் சோதனையிலிருந்து விலக்கு உண்டு. சோதனைக்குத்தான் விலக்கு, பழுதான காரை வீதியில் இறக்குவதற்கு அன்று. எஞ்சினை மாற்றிவிட்டுக் காப்புறுதி நிறுவனத்துக்குச் சொல்லாமல் இருப்பவர்களுக்கு, விபத்து நடந்த அன்றுதான் அந்தப் பத்திரத்தின் மதிப்புத் தெரியவரும்.

"என் கார், என் உயிர்" என்று பதில் சொல்வார்கள். 2024 ஏப்ரல் 21ஆம் திகதி தியத்தலாவையில் பந்தயக் கார் ஒன்று பாதையை விட்டு விலகிப் பார்வையாளர்களுக்குள் பாய்ந்தது. ஏழு பேர் இறந்தனர். அவர்களில் ஒரு சிறுமிக்கு எட்டு வயது. அந்த விபத்தின் காரணத்தை ஆராய்வது என் நோக்கமன்று. ஓடும் காருக்கு வெளியேயும் மனிதர்கள் நிற்கிறார்கள் என்பதை நினைவூட்டவே சொல்கிறேன். வேலியும் ஒழுங்கும் எதிர்பார்க்கப்படும் பந்தயத் திடலிலேயே இப்படி என்றால், வீதியில் நடப்பவருக்கு என்ன காவல்?

நண்பரின் மகன் இப்போது முன்சில்லுகளுக்கு டிஸ்க் பிறேக் பூட்டியிருக்கிறான். செலவு அதிகம் என்று முணுமுணுக்கிறான்; முணுமுணுக்க அவன் உயிரோடு இருக்கிறான். உங்கள் மகனோ மருமகனோ பெருமையோடு பொனற்றைத் திறந்து காட்டினால், நன்றாக இருக்கிறது என்று பாராட்டுங்கள். பாராட்டிவிட்டு, ஒரு சில்லைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்.