அளவறிந்து முடுக்குக!

வீணே வெளியேறும் புகையையும் வேலை வாங்கலாம் எனக் கண்டவர் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்பிரெட் பூகி. 1905-இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். மக்கள் ‘டர்போ’ என வழங்கும் அச்சுழலூட்டியில், புகை ஒரு சுழலியை உருட்ட, அதே தண்டின் மறுமுனைச் சுழலி காற்றை நெருக்கி உருளைக்குள் செலுத்தும். காற்று மிகுந்தால் எரிநெய்யும் மிகலாம், ஆற்றலும் மிகும். தீசல் சரக்குந்து பெருஞ்சுமையோடு எளிதில் மலையேறுவது இதனால்.

ஆனால், காற்றைக் கூட்டாது எரிநெய்யை மட்டும் கூட்டித் திருகுவோர் செய்வதென்ன? முற்றும் எரியாத நெய் கரும்புகையாகும். வரம்பு மீறிய வெப்பம் உந்துதண்டின் தலையையே உருக்கும். காற்றையும் அளவின்றி நெருக்கினால் சுழலியே சிதறும். ஏற்றத்தில் முந்திய வண்டி பாதிவழியில் நிற்க, ஓட்டுநரின் கூலி போகிறது. பின்னால் மிதிவண்டியில் வரும் சிறுவனின் நெஞ்சில் கரி படிகிறது.

ஆற்றலைப் பெருக்குவது குற்றமன்று; அளவறியாது பெருக்குவதே குற்றம். காற்றுக்குத் தக்க எரிநெய். அதுவே பொறிக்கும் அறம்!