பிள்ளை வளர்க்கக் கல்லூரியா?

"பிள்ளை வளர்க்க ஒரு படிப்பா? நம் பாட்டி எந்தக் கல்லூரிக்குப் போனாள்?"

மனையியல் படிக்கப் போகிறேன் என்று ஒரு பெண் சொன்னால் போதும். வீட்டில் இந்தக் கேள்வி எழும். மாமா சிரிப்பார். அத்தை, "சமையலை நானே சொல்லித் தருகிறேனே!" என்பாள்.

கேள்வி நியாயமானதுதான். பதிலும் இருக்கிறது.

பாட்டி தனியாகப் பிள்ளை வளர்க்கவில்லை. மாமியார், நாத்தனார், ஓரகத்தி, பக்கத்து வீட்டுக் கிழவி என்று பத்துக் கைகள் இருந்தன. பத்து வயதுச் சிறுமி தம்பியை இடுப்பில் சுமந்தே பிள்ளை வளர்ப்பைக் கற்றாள். அதுதான் அவள் கல்லூரி.

ஆனால் அந்தக் காலத்தின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 1971-ல் இந்தியாவில் பிறந்த 1,000 குழந்தைகளில் 129 குழந்தைகள் ஒரு வயது நிறையும் முன்பே இறந்தன. 2023-ல் இந்த எண்ணிக்கை 25. தடுப்பூசியும் ஆஸ்பத்திரிப் பிரசவமும் இதற்கு முக்கியக் காரணங்கள். அன்று, பிள்ளை பிழைத்தால் போதும் என்று தெய்வத்தை வேண்டினார்கள். இன்று பெரும்பாலும் பிழைத்துவிடுகிறது. எப்படி வளர்கிறது என்பதே கேள்வி.

மூளை வளர்ச்சியில் 85 சதவிகிதத்துக்கு மேல் 6 வயதுக்குள் நடந்துவிடுகிறது என்று 2020-ம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை கூறுகிறது. அந்தக் கொள்கையைப் பற்றித் தமிழ்நாட்டில் பெரிய சர்ச்சை நடந்தது. அது வேறு விஷயம். ஆனால் பள்ளிக்கூட வாசலை மிதிக்கும் முன்பே பிள்ளைக்குப் பாதி ஆட்டம் முடிந்துவிடுகிறது என்பதை யாரும் மறுக்கவில்லை.

இரவல் குழந்தை

மனையியல் கல்லூரிப் பாடமாக வேரூன்றிய நாடு அமெரிக்கா. அங்கே ஒரு விசித்திரம் நடந்தது.

நியூயார்க் மாநிலத்தில் கார்னெல் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1919-ல் அங்கே மாணவிகளுக்கென்று ஒரு பயிற்சி வீடு தொடங்கினார்கள். அடுப்பு, கட்டில், கணக்குப் புத்தகம் எல்லாம் இருந்தன. ஒரு குறை. வீடு என்றால் குழந்தை வேண்டாமா? அனாதை விடுதியிலிருந்து ஒரு கைக்குழந்தையை இரவல் வாங்கி வந்தார்கள்!

மாணவிகள் முறை வைத்துத் தாயானார்கள். இந்த வாரம் ஒருத்தி, அடுத்த வாரம் இன்னொருத்தி. பால் கொடுக்க மணி அடித்தாற்போல நேரம். தூங்க நேரம். எடை பார்த்து ஏட்டில் பதிவு. குழந்தைகளுக்குப் பாடத்தின் பெயரையே சுருக்கி, டோமிகான் என்று குடும்பப் பெயரும் வைத்தார்கள். சுமார் ஒரு வருடம் கழித்துக் குழந்தையைத் தத்துக் கொடுத்தார்கள். விஞ்ஞான முறைப்படி வளர்ந்த குழந்தை என்று தத்தெடுக்கப் பலர் முன்வந்தார்கள்.

குழந்தைகள் கொழுகொழுவென்றுதான் இருந்தன. ஆனால் யாரைப் பார்த்து "அம்மா" என்று சிரிப்பது?

1951-ல் ஜான் பௌல்பி என்ற ஆங்கிலேய மனநல டாக்டர், உலக சுகாதார ஸ்தாபனத்துக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். தாயோ, தாய் ஸ்தானத்தில் நிற்கும் ஒருவரோ விடாமல் உடனிருந்து அன்பு காட்டுவது குழந்தையின் மனநலத்துக்கு அவசியம் என்றார் அவர். 1950-களில் இரவல் குழந்தை வழக்கமும் நின்றது. ஏட்டிலே எடையை எழுதியவர்கள், ஏக்கத்தை எழுத மறந்துவிட்டார்கள்.

அடுக்குப் பாத்திரம்

அதே கார்னெலில் யூரி பிரான்ஃபென்பிரென்னர் என்று ஒரு பேராசிரியர் இருந்தார். 1917-ல் மாஸ்கோவில் பிறந்தவர். சிறு வயதிலேயே அமெரிக்கா வந்தவர். பிள்ளையை மட்டும் தனியே பிடித்து வைத்துப் பார்த்தால் ஒன்றும் விளங்காது என்றார். நம் வீட்டு அடுக்குப் பாத்திரம் போல, பிள்ளையைச் சுற்றி வீடு. அதைச் சுற்றித் தெரு, பள்ளி. அதற்கும் வெளியே அப்பாவின் வேலை, சர்க்காரின் சட்டம். அப்பாவுக்கு ராத்திரி ஷிப்டு என்றால், அந்த மில்லுக்குள் காலே வைக்காத பிள்ளைக்கும் அதனால் பாதிப்பு உண்டு.

இதை விளக்கும் அவருடைய நூல் 1979-ல் வெளிவந்தது. அமெரிக்க ஏழைக் குழந்தைகளுக்காக 1965-ல் தொடங்கிய 'ஹெட் ஸ்டார்ட்' திட்டத்தை உருவாக்கியவர்களில் அவரும் ஒருவர்.

நம் நாட்டில்

டில்லியில் லேடி இர்வின் கல்லூரி 1932-லும், பரோடாவில் மனையியல் பிரிவு 1949-லும், கோவையில் அவினாசிலிங்கம் கல்லூரி 1957-லும் தோன்றின. கோவைக் கல்லூரியை வளர்த்த ராஜம்மாள் தேவதாஸ், அமெரிக்காவின் ஒஹாயோவில் டாக்டர் பட்டம் பெற்றவர். 1988-ல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆயிற்று.

மனித வளர்ச்சி என்ற பாடம் கர்ப்பத்தில் தொடங்கி முதுமை வரை போகிறது. மாணவி நோட்டுப் புத்தகத்தோடு குழந்தைகள் நடுவே உட்கார்ந்து கவனிப்பாள். எந்தக் குழந்தை பொம்மையைப் பிடுங்குகிறது, எது ஒதுங்கி நிற்கிறது, எதற்குக் காது சரியாகக் கேட்கவில்லை என்று எழுதுவாள். இரண்டு வயதில் பேச்சு வராத பிள்ளையை, "அவன் அப்பனும் மெதுவாகத்தான் பேசினான்" என்று வீட்டார் விட்டுவிடுவது உண்டு. அந்த இடத்தில் இந்தப் படிப்பு உதவுகிறது.

ஆனால் படிப்பு ஓரிடம், பிள்ளைகள் ஓரிடம்! 1975 அக்டோபர் 2-ல் தொடங்கிய அங்கன்வாடித் திட்டம், ஏறத்தாழ 14 லட்சம் மையங்களாக வளர்ந்திருக்கிறது. ஏழைப் பிள்ளையின் முதல் ஆறு வருடம் அங்கேதான். எடை போடுவது, சோறு போடுவது, பாட்டுச் சொல்லித் தருவது, பதிவேடு எழுதுவது, எல்லாம் ஓர் அம்மாள். அவருக்குக் கேட்கும் தகுதி பள்ளிப் படிப்பு. மத்திய சர்க்கார் கொடுப்பதற்குப் பெயர் சம்பளம் அல்ல, மதிப்பூதியம். கல்லூரியில் படித்தவர்களையும் இந்த அம்மாளையும் சேர்த்து வைக்காமல், 85 சதவிகிதம் என்று பேசுவதில் பயனில்லை.

இன்னொரு குறையும் உண்டு. குழந்தை என்றால் பெண்கள் சமாசாரம் என்ற எண்ணம் இன்னும் போகவில்லை. அப்பாவின் ஷிப்டு பிள்ளையைத் தொடும் என்றால், அப்பாவுக்கும் இந்தப் பாடம் தெரிய வேண்டாமா?

பிளஸ் 2 முடித்தவர்கள் மனையியல் பட்டப்படிப்பில் சேரலாம். கோவையில் பெண்களுக்கு மட்டும். பரோடாவில் பையன்களும் சேரலாம்.